ஒர்க்‌ஷாப்புக்கு வந்ததும் சரியாகிவிடும் வண்டி

நித்யா, பிரபு இரண்டு பேருக்கும் அப்பா எழுதுவது.

போன வாரம் ராத்திரி சாப்பாட்டில் நித்யா ஒரு கேள்வி கேட்டாள். வல்லம் வடகாலில் அவள் சேர்ந்திருக்கிற கம்பெனியில் கார் பேட்டரிப் பெட்டி கோக்கும் லைனில் போட்டிருக்கிறார்கள். "அப்பா, நாங்க கோத்து அனுப்பறோம். அது வண்டில போய் மக்கர் பண்ணா, பேட்டரிதான் கெட்டுப்போச்சுன்னு நீங்க எப்பிடி கண்டுபுடிப்பீங்க?"

நான் ரசம் ஊற்றிக்கொண்டே, "மெஷின் சொல்லும்மா" என்றேன். வண்டியின் கம்ப்யூட்டரோடு மாட்டிக் கோளாறைப் படிக்கிற கருவியைத்தான் மெஷின் என்போம்.

"மெஷின் சொல்றது தப்பா இருந்தா?"

"அப்பாவையே மடக்கிட்டா பாரு" என்று பிரபு சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வேலையில் இருந்த காலத்திலும் அந்தக் கேள்விக்கு என்னிடம் சரியான பதில் இருந்ததில்லை. பதில் இல்லாமல் எப்படிச் சம்பளம் வாங்கினேன் என்று நீங்கள் கேட்பீர்கள். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். நான் பத்தாவதும் ஐ.டி.ஐ.யும் படித்தவன். எழுத்தில் தப்பு இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள்.

ஐ.டி.ஐ.யில் படித்தது டீசல் மெக்கானிக். முடித்ததும் ஸ்ரீபெரும்புதூர் பைபாஸ் ஓரம் ஒரு லாரி ஷெட்டில் சேர்ந்தேன். அது காதால் கற்ற வேலை. இன்ஜின் ஓடும் சத்தத்தைக் கேட்டே எந்தச் சிலிண்டர் படுத்திருக்கிறது என்று சொல்லிவிடுவோம். அப்புறம் ஒரகடம் பக்கம் கம்பெனிகள் வந்தன, கார் ஷோரூம் வந்தது, அதை ஒட்டி சர்வீஸ் சென்டர் வந்தது. "அங்க யூனிஃபார்ம் தராங்களாம், போய்க் கேளு" என்று உங்கள் அம்மாதான் அனுப்பினாள். போனேன். அங்கேயே இருந்து அங்கேயே ரிட்டயர் ஆனேன்.

குழப்பம் ஆரம்பித்தது ஹைப்ரிட் வண்டி வந்த பிறகு. நித்யாவுக்குத் தெரியும், பிரபுவுக்காகச் சொல்கிறேன். அதில் பெட்ரோல் இன்ஜினும் உண்டு, மின்சார மோட்டாரும் உண்டு. சைக்கிளில் டபுள்ஸ் போகும்போது மேடு வந்தால் பின்னால் உட்கார்ந்தவன் இறங்கித் தள்ளுவான் இல்லையா, அந்த மாதிரி மேட்டிலும் வேகம் எடுக்கும்போதும் மோட்டார் இன்ஜினுக்குக் கைகொடுக்கும். இதை அசிஸ்ட் என்போம். மோட்டாருக்குக் கரண்ட் கொடுக்கிற பெரிய பேட்டரி பின்சீட்டுக்குக் கீழே இருக்கிறது. அது ரொம்பச் சூடானால் வண்டிக்குள் இருக்கிற கம்ப்யூட்டர் அசிஸ்டைக் குறைத்துவிடும். தள்ளுகிறவன் கையை எடுத்துவிட்ட மாதிரி வண்டி மேட்டில் திணறும்.

இந்த வண்டியில் என் காதுக்கு வேலையே இல்லை. சிக்னலில் நிற்கும்போது இன்ஜின் தானாக அணைந்துவிடும். நின்றுபோனதா, நின்றிருக்கிறதா என்று தெரியாது. எனக்கு மட்டுமில்லை, வாங்கினவர்களுக்கும் தெரியவில்லை. பிள்ளைப்பாக்கத்தில் நிலம் விற்ற ஒரு பெரியவர் ஹைப்ரிட் வாங்கி வீட்டில் நிறுத்தி வைத்திருந்தார். வண்டி எழும்பவில்லை என்று கூப்பிட்டார். போய்ப் பார்த்தால் லைட்டுக்கும் பாட்டுக்கும் கரண்ட் கொடுத்து வண்டியை எழுப்புகிற முன்பக்கத்துச் சின்ன பேட்டரி சுத்தமாகச் செத்திருக்கிறது.

"தெனம் காத்தால ஸ்டார்ட் பண்ணி அரை மணி நேரம் உட்டுட்டுதாம்பா ஆஃப் பண்றேன். எப்பிடி சாவும்?" என்றார்.

வெளியிலிருந்து கரண்ட் கொடுத்துவிட்டு, "எப்பிடி ஸ்டார்ட் பண்ணுவீங்க, செஞ்சு காட்டுங்க" என்றேன். உட்கார்ந்தார். பிரேக்கை மிதித்தபடி அமுக்கினால்தான் வண்டி ஸ்டார்ட் ஆகும், அவர் மிதிக்காமல் பட்டனை அமுக்கினார். லைட் எரிந்தது, முருகன் பாட்டு வந்தது. வண்டி ஸ்டார்ட் ஆகவே இல்லை.

"ஐயா, சத்தமே இல்லியே?"

"அதாம்பா ஐப்ரீட்டு! சத்தம் வராதுன்னு சொல்லித்தான என் தலையில கட்னான்!"

தினமும் அரை மணி நேரம் பாட்டுக் கேட்டுக் கேட்டுச் சார்ஜைக் குடித்திருக்கிறார். அவர் மனதில் அது பேட்டரிக்கு ஊட்டம். நான் சிரித்துவிட்டு வந்தேன். ஆனால் வழியெல்லாம் ஒரு யோசனை. அவர் ஒரு தப்பும் செய்யாமல் அக்கறையாகத்தான் இருந்தார். வண்டியைக் கெடுத்ததும் அந்த அக்கறைதான்.

இனி எங்கள் மேடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். கல்பனா மேடம், எங்கள் ஒர்க்‌ஷாப் இன்சார்ஜ். என்னைவிடப் பதினைந்து வயதாவது இளையவர், இன்ஜினியரிங் படித்தவர், தாம்பரத்திலிருந்து வருவார். காலையில் பையை மேசையில் வைத்துவிட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒவ்வொரு வண்டியாகச் சுற்றி வருவார். எதையும் தொடமாட்டார். நாம் ஏதாவது சொன்னால் ஒரே கேள்விதான்: "பார்த்தீங்களா, நினைச்சீங்களா?" ஃபேன் போயிருக்கு மேடம் என்றால், "பார்த்தீங்களா, நினைச்சீங்களா?" வயரில் ஈரம் போயிருக்கு என்றால் அதே கேள்வி. முதலில் எரிச்சலாக இருந்தது. லாரி ஷெட்டில் மேஸ்திரி வாயில் தெரியாது என்ற வார்த்தை வந்து நான் கேட்டதில்லை. இவர் பத்துப் பேர் நடுவில் நின்று, "எனக்கும் தெரியல" என்று சத்தமாகச் சொல்லுவார். மேலதிகாரி அப்படிச் சொன்னால் கீழே இருப்பவன் என்ன செய்வது? எனக்கு அந்தக் குழப்பம் போக ரொம்ப நாள் ஆனது.

பெரிய பேட்டரியைத் தொடுவதற்கு அவர் வைத்த முறையில் மட்டும் குழப்பமே கிடையாது. முதலில் மோதிரம், வாட்ச், அரைஞாண் கயிற்றில் வெள்ளி இருந்தால் அதுவும் கழற்ற வேண்டும். பிறகு தடித்த ரப்பர் கையுறை. போடுவதற்கு முன் அதன் வாயைச் சுருட்டிக் காற்றை உள்ளே அடைத்து, பலூன் மாதிரி உப்பவைத்துக் கன்னத்துக்குப் பக்கத்தில் பிடிக்க வேண்டும். ஊசித் துளை இருந்தாலும் கன்னத்தில் காற்று படும். அப்புறம் பேட்டரியின் ஆரஞ்சு நிறப் பிளக்கை உருவ வேண்டும். அது உள்ளே இருந்தால்தான் கரண்ட் ஓடும். உருவினவர் அதைத் தன் பாக்கெட்டிலேயே போட்டுக்கொள்ள வேண்டும். மேசைமேல் வைக்கக்கூடாது. வேறு யாராவது மாட்டிவிட்டால் உள்ளே கை வைத்திருப்பவன் கதி என்ன? பத்து நிமிடம் காத்திருந்து, மீட்டர் வைத்துக் கரண்ட் இல்லை என்று கண்ணால் பார்த்த பிறகுதான் மேற்கொண்டு வேலை.

ஒருநாள் அந்தப் பிளக்கோடு வீட்டுக்கே வந்துவிட்டேன். பிரபு, நீ அதை வைத்துக்கொண்டு திரிந்தாயே, ஞாபகம் இருக்கிறதா? அம்மா, "இன்னா இது, பொம்மையா?" என்று கேட்டாள். அங்கே வண்டிக்காரர் கவுண்டரில் நின்று கத்திக்கொண்டிருந்தார். நான் திரும்ப ஓடினபோது மேடம் திட்டவில்லை. "பாக்கெட்ல இருந்தது நல்லது, பாக்கெட்டு வீட்டுக்குப் போனதுதான் தப்பு" என்றார்.

இப்போது இசக்கியின் வண்டிக்கு வருகிறேன்.

இசக்கி சங்கரன்கோவில் பக்கத்துப் பையன். முப்பது வயது இருக்கும். தங்கவேல் என்ற உள்ளூர்க்காரரின் டிராவல்ஸில் டிரைவர். ஒரு தொழிற்சாலையின் வெளிநாட்டு அதிகாரிக்காகத் தங்கவேல் ஒரு ஹைப்ரிட் வண்டியை ஒப்பந்தத்தில் விட்டிருந்தார். அதை ஓட்டுவது இசக்கி. பெண்டாட்டியையும் கைக்குழந்தையையும் அப்போதுதான் ஊரிலிருந்து கூட்டிவந்து ஒரகடத்தில் ஒரு அறை எடுத்திருந்தான். ஏசி வண்டி, ஒரே ஒரு சார், சொன்ன நேரத்துக்கு வேலை. கம்பெனி வேன் ஓட்டி முதுகு போனவனுக்கு அது பெரிய வேலை.

முதல் தடவை வண்டியைக் கொண்டுவந்தபோது, "அண்ணே, மேட்டுல இழுக்க மாட்டங்கு. போர்டுல மஞ்ச லைட்டு வேற. உள்ள சார் இருக்கயில பாலத்துல நின்னு நின்னு ஏறுதுண்ணே, எனக்கு உசிரே போகுது" என்றான்.

மெஷினை மாட்டினேன். பேட்டரி சூடு அதிகம், அதனால் அசிஸ்டைக் குறைத்தேன் என்று கம்ப்யூட்டர் பதிந்து வைத்திருந்தது. பேட்டரியைக் குளிரவைக்க ஒரு ஃபேன் உண்டு. அது வண்டிக்குள் இருக்கிற ஏசிக் காற்றை, பின்சீட்டின் ஓரத்தில் இருக்கிற ஒரு ஜன்னல் வழியாக இழுக்கும். உள்ளங்கை அளவு ஜன்னல், குறுக்கே பிளாஸ்டிக் கம்பிகள். அதில் தூசி அடைத்தாலோ, பை, பெட்டி வைத்து மறைத்தாலோ பேட்டரி வேகும். எல்லாம் பார்த்தேன். வழி சுத்தமாக இருந்தது. கையை வைத்தால் காற்று இழுக்கிறது.

"பின்னாடி சைடுல லக்கேஜ் ஏதாச்சும் வைப்பியாப்பா?"

"சாரைத் தவிர ஒரு பொருள் வைக்க மாட்டேன்ணே. அவரு லேப்டாப்பக்கூட மடியிலதான் வச்சுக்கிடுவாரு."

பொய் இல்லை. அவனை ஓட்டச் சொல்லி பக்கத்தில் உட்கார்ந்து ஒரகடம் மேம்பாலம் ஏறி இறங்கினோம். வண்டி ஜம்மென்று போனது. லைட்டும் வரவில்லை. அவன் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே.

"இப்ப இழுக்குது பாருங்க. என்னயப் பொய்க்காரனாக்குததுக்குன்னே செய்யுது."

ஃபில்டரைச் சுத்தம் செய்து அனுப்பினேன். பத்துப் பதினைந்து நாளில் திரும்ப வந்தான். அதே சூடு, அதே லைட். ஃபேனையே மாற்றினோம். திரும்ப வந்தான். கையுறை போட்டு, பிளக்கை உருவி, பேட்டரியைத் திறந்து உள்ளே அடுக்கியிருக்கிற செல் தொகுதிகளை ஒவ்வொன்றாக மேடமும் நானும் அளந்தோம். ஒரு தொகுதியின் வோல்டேஜ் மற்றவற்றைவிடக் கொஞ்சம் தாழ்ந்திருந்தது. அதுதான் காரணம் என்று எனக்கு ஒரே சந்தோஷம். மேடம் விவரத்தைத் தலைமை ஆபீசுக்கு அனுப்பினார். அவ்வளவு வித்தியாசம் இருக்கலாம், பேட்டரி மாற்ற முடியாது, வண்டி ஓட்டும் விதத்தைக் கவனிக்கவும் என்று பதில் வந்தது.

தங்கவேல் ஒர்க்‌ஷாப்புக்கு வந்து என்னிடம் அந்தக் கடைசிச் சொல்லைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னா ஏழுமல, உங்க ஆபீஸே சொல்லிட்டான். பையன் மிதிக்கிறான்யா. ஊர்ல ஷேர் ஆட்டோ ஓட்ற மாதிரி ஓட்டிக்கினு கீறான்."

"இல்லீங்க, நான் பக்கத்துல உக்காந்து பாத்தேன். பூ மாதிரி ஓட்றான்."

"நீ உக்காந்தா பூ மாதிரிதான் ஓட்டுவான். இன்னொரு தபா சார் உள்ள இருக்கும்போது நின்னுச்சு, அவன் சாவியக் குடுத்துட்டுப் போவ வேண்டிதுதான்."

இசக்கி கொஞ்சம் தள்ளி நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். பானட்டைத் துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தான்.

எனக்கு எதுவும் விளங்கவில்லை. சூடு என்று மெஷின் சொல்கிறது. தொட்டுப் பார்த்தால் சூடு இல்லை. ரோட்டில் வருகிற வியாதி ஒர்க்‌ஷாப் வாசலில் குணமாகிவிடுகிறது. டாக்டரைப் பார்த்ததும் காய்ச்சல் விடுகிற பிள்ளை மாதிரி. வீட்டில் உங்கள் அம்மாவிடம் சொன்னேன். "யாராவது கண்ணு வெச்சிருப்பாங்க, சுத்திப்போடச் சொல்லு" என்றாள். அன்று எனக்கு இருந்த குழப்பத்தில், அதையும் செய்து பார்த்தால் என்ன என்றுகூடத் தோன்றியது.

பிறகு ஒரு மத்தியானம் இசக்கி போன் செய்தான். "அண்ணே, பாலத்து ஏத்தத்துல நிக்குதேன். சாரு வேற வண்டியில போயிட்டாரு. முதலாளிக்கு இன்னும் சொல்லல. சொன்னா இன்னிக்கோட முடிஞ்சுது. நீங்க ஒருதரம் வந்து பாருங்கண்ணே."

மெஷினைப் பையில் போட்டுக்கொண்டு பைக்கில் போனேன். நல்ல வெயில். மேம்பாலத்தின் ஏற்றத்தில் ஓரமாக நின்றிருந்தது வண்டி. பின்னாலிருந்து லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டு போயின. மெஷினை மாட்டினேன். இந்த முறை பழைய பதிவு இல்லை, என் கண்ணெதிரே பேட்டரி கொதிக்கிறது. ஃபேன் முழு வேகத்தில் சுற்றுவதாகக் காட்டுகிறது. சரி, காற்று இழுக்கிறதா பார்ப்போம் என்று பின்கதவைத் திறந்தேன்.

சீட் முழுக்க வெள்ளை டர்க்கித் துண்டு.

பெரிய அதிகாரிகள் போகிற வண்டியில் சீட்டுக்கு வெள்ளைத் துண்டு போடுவார்களே, அதுதான். சாயும் இடத்துக்கு ஒன்று, உட்காரும் இடத்துக்கு ஒன்று. ஒரு சுருக்கம் இல்லை. நான்கு பக்கமும் இழுத்து, ஓரத்தை சீட்டின் இடுக்கில் விரலால் சொருகியிருந்தது. ஜன்னலைத் தேடினேன், காணோம். துண்டு அதை மூடிக்கொண்டு உள்ளே போயிருந்தது. இழுத்துப் பார்த்தேன், வரவில்லை. ஃபேன் அதை உள்ளே உறிஞ்சிக் கம்பிகளோடு ஒட்ட வைத்திருந்தது. பலமாக இழுத்ததும் வந்தது. கையை வைத்தேன். சில்லென்று காற்று விரலுக்கு நடுவில் ஓடியது.

"இசக்கி, இந்தத் துண்டு எப்பவும் இருக்குமா?"

"இருக்கும்ணே. முதலாளி ரூலு. டைட்டா சொருகணும், சுருக்கம் இருந்தா ஏசுவாரு."

"ஒர்க்‌ஷாப்புக்கு வரும்போது நான் பாத்ததே இல்லியேப்பா?"

"அங்க வாரதுக்கு முன்ன, முக்கு டீக்கடைகிட்ட நிறுத்திக் கழட்டி கவருல வச்சுக்கிடுவேன்."

பின்னால் எதையும் வைக்கமாட்டேன் என்று அவன் சொன்னானே, அது உண்மைதான். அவனுக்குத் துண்டு ஒரு பொருளே இல்லை, அது சீட்டு.

மேடத்திடம் ஓடினேன். "துண்டுதான் மேடம்!"

"பார்த்தீங்களா, நினைச்சீங்களா?"

"ரோட்ல சூடா இருந்ததப் பாத்தேன். துண்டப் பாத்தேன். ரெண்டுக்கும் சம்பந்தம் இருக்குன்னு... நினைச்சேன்."

"அப்ப பார்த்துடலாம்."

மறுநாள் அதே வெயிலில் நான் ஓட்ட, மேடம் மெஷினை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார, துண்டோடு போனோம், துண்டில்லாமல் போனோம். துண்டு இருந்தால் சூடு ஏறுகிறது. எடுத்தால் இறங்குகிறது. ஆனால் நித்யா, இதைக் கவனி. துண்டோடு போன எல்லாத் தடவையும் அசிஸ்ட் குறையவில்லை. ஒரு தடவை குறைந்தது, ஒரு தடவை சூடு ஏறியும் வண்டி ஒழுங்காக மேட்டைத் தாண்டியது. அந்தத் தாழ்ந்த தொகுதிக்கும் இதில் பங்கு உண்டா? "எனக்குத் தெரியல" என்றார் மேடம். பார்த்ததை மட்டும் தங்கவேலுக்குச் சொன்னார்: காற்று வழி துண்டால் மூடியிருந்தது, மூடினால் சூடு ஏறுகிறது. ஒர்க்‌ஷாப்புக்கு வரும்முன் இசக்கி துண்டைக் கழற்றிவிடுவான் என்பதை நான் சொன்னேன்.

இசக்கி தப்பித்தான் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அன்று சாயங்காலமே தங்கவேல் அவனை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். நான் போன் செய்தேன்.

"துண்டு போடச் சொன்னது நீங்கதானே?" என்றேன்.

"போடச் சொன்னேன். உங்ககிட்ட வரும்போது எடுக்கச் சொன்னனா? யோசிச்சுப் பாருய்யா. ஒவ்வொரு தபாவும் வாசல்ல நின்னு எடுத்து ஒளிச்சு வெச்சுட்டு உள்ள வந்துருக்கான். தெரிஞ்சேதான் பண்ணிருக்கான். எதுக்குன்னு எனக்கு வேணாம். கமுக்கமான ஆளு எனக்கு வேணவே வேணாம்."

போனை வைத்தேன். மறைக்காமல் சொல்கிறேன், எனக்கும் ஒரு நிமிடம் அப்படித்தான் பட்டது. இத்தனை தடவை வந்தவன் ஒரு தடவைகூட ஏன் துண்டைப் பற்றி வாய் திறக்கவில்லை? அவன் முகத்தை நினைத்துப் பார்த்தால் நல்லவன். தங்கவேல் சொன்னதை நினைத்துப் பார்த்தால் அதுவும் சரியாக இருக்கிறது. ஒரே செயலை இப்படிப் பார்த்தால் பாசாங்கு, அப்படிப் பார்த்தால் வெள்ளந்தி. எந்த மெஷினை மாட்டி இதைப் பார்ப்பது?

அவனுக்கே போன் செய்து கேட்டேன்.

"மொத சர்வீசுக்கு வந்தப்ப உங்க ஆளு ஒருத்தரு கிரீஸ் உடுப்போட பின்சீட்டுல உக்காந்துட்டாருண்ணே" என்றான். "துண்டுல கறை. எத்தன தரம் தொவச்சாலும் போகல. சம்பளத்துல புடிச்சுட்டாரு. அதுக்கப்பறம்தான் கழட்ட ஆரம்பிச்சேன். எல்லாருந்தான் கழட்டுதோம். இது ஒரு விசயம்னு எனக்குத் தோணவே இல்லியேண்ணே." பின்னால் குழந்தை அழுதது. "இவளை ஊருக்கு அனுப்பிட்டு வேன் ஏதாச்சும் பாக்கணும்" என்றான்.

கிரீஸ் எங்கள் ஒர்க்‌ஷாப்புடையது. துண்டு ரூல் தங்கவேலுடையது. நடுவில் வேலை போனது இவனுக்கு.

இரண்டு நாள் கழித்து ஹைப்ரிட் வண்டியை எடுத்துப் போகத் தங்கவேலே வந்தார். தன் சொந்த வண்டியில், தன் சொந்த டிரைவரோடு. வந்த கையோடு அதையும் சர்வீசுக்கு விடச் சொல்லிவிட்டுக் கண்ணாடி அறைக்குள் வந்து மேடத்தின் எதிரே உட்கார்ந்தார். நான் ஓரமாக நின்றேன். மேடம் காற்று வழியைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தவர் பேச்சைப் பாதியில் நிறுத்திவிட்டு வெளியே பார்த்தார். நாங்களும் திரும்பினோம்.

வாட்டர் வாஷுக்கு வண்டியைக் கொடுக்கும் முன் தங்கவேலின் டிரைவர் பின்கதவைத் திறந்தார். வெள்ளைத் துண்டு இரண்டையும் உருவினார். உதறினார், மடித்தார், ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு டீ குடிக்கக் கிளம்பினார்.

"அவர் எதை மறைக்கிறார் சார்?" என்று மேடம் கேட்டார். கிண்டல் இல்லை. தெரியாத ஒன்றைக் கேட்கிற மாதிரிதான் கேட்டார்.

தங்கவேல் எழுந்து வெளியே போனார். "ஏன்டா துண்ட எடுத்த?"

"இங்க கறையாவும் சார். கறையானா நீங்கதான சம்பளத்துல புடிப்பீங்க."

"எல்லாரும் இப்பிடித்தான் எடுப்பீங்களாடா?"

"ஆமா சார். ஏன் சார், எடுக்கக் கூடாதா?"

தங்கவேல் திரும்பி நடந்தார். உள்ளே வந்தவர் உட்காரவில்லை. "ஏழுமல, அந்தப் பையனுக்குப் போனப் போடு" என்றார். மன்னிப்பு, வருத்தம் என்று ஒரு வார்த்தை இல்லை. போட்டேன், ஸ்பீக்கரில் வைத்தேன்.

"டேய் இசக்கி, நாளைலருந்து வந்து வண்டிய எடு."

"வாரேன் முதலாளி. ஒரு சந்தேகம் கேக்கலாமா?" என்றான்.

"கேளு."

"துண்டு போடணுமா, வேண்டாமா?"

தங்கவேல் என்னைப் பார்த்தார். துண்டில்லாமல் அனுப்பினால் தொழிற்சாலைக்காரர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், அது அவர்கள் ஒப்பந்தத்தில் கேட்பது. போட்டால் வண்டி நிற்கும். "வா, வந்து பேசிக்கலாம்" என்று போனை வாங்கி அணைத்தார்.

மறுநாள் இசக்கி, எங்களிடமே விட்டிருந்த வண்டியை எடுக்கத் தங்கவேலோடு ஒர்க்‌ஷாப்புக்கு வந்தான். ஷேவ் செய்து, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்திருந்தான். வண்டியை எடுக்கும் முன் பின்கதவைத் திறந்து துண்டை விரித்தான். வழக்கம்போல் இழுத்துச் சுருக்கம் எடுத்தான். ஜன்னல் இருக்கிற ஓரம் வந்ததும் கை நின்றுவிட்டது. கொஞ்சம் மடித்தான். போதாது என்று இன்னும் மடித்தான். துண்டின் விளிம்புக்கும் ஜன்னலுக்கும் நடுவில் தன் கையை வைத்து அளந்தான். இரண்டு விரல் இடம் இருந்தது.

"அண்ணே, இது போதுமா?"

நான் குனிந்து உள்ளங்கையை ஜன்னலில் வைத்தேன். காற்று இழுத்தது. துண்டின் விளிம்பு லேசாகத் துடித்தது, உள்ளே போகவில்லை. போதுமா? அந்தத் தாழ்ந்த தொகுதி உள்ளே அப்படியேதான் இருக்கிறது. சித்திரை வெயில் இன்னும் வரவில்லை. வண்டிக்குள் உட்காருகிற சார் அசைந்தால் துண்டு நகருமா, நகராதா? எனக்குத் தெரியாது. மேடம் எனக்குப் பின்னால் வந்து நின்றிருந்தார். அவர் வழக்கமான கேள்வியைக் கேட்பார் என்று காத்திருந்தேன், கேட்கவில்லை. இசக்கி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இப்ப இழுக்குது இசக்கி. சூடானா மேட்டுல நிக்கறதுக்கு முன்னாடியே எனக்குப் போன் பண்ணு. துண்டக் கழட்டாம அப்பிடியே வா" என்றேன்.

"கறை ஆச்சுன்னா?"

"ஆனா ஆவட்டும்" என்று தங்கவேல் பின்னாலிருந்து சொன்னார்.

இசக்கி அவரைத் திரும்பிப் பார்த்தான். நம்பலாமா வேண்டாமா என்கிற மாதிரி ஒரு பார்வை. பிறகு கதவைச் சாத்தி, சீட்டில் உட்கார்ந்து, பிரேக்கை மிதித்துப் பட்டனை அமுக்கினான். சத்தமே இல்லாமல் வண்டி நகர்ந்து கேட்டைத் தாண்டியது.